மேஜிக் ரகசியத்தை அச்சடித்துக் கொடுத்த கெமிஸ்ட்ரி வாத்தியார்: யார் இந்த ஷகாஷிரி?

மேடையில் உயரமான கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் தண்ணீர். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் ஒவ்வொரு குடுவையிலும் வெள்ளைக் கட்டிகளைப் போடுகிறார். குபுகுபுவெனக் குமிழ்கள் கிளம்புகின்றன, வெண்புகை வழிகிறது. நீலம் மஞ்சளாகிறது, இளஞ்சிவப்பு நிறமே இல்லாமல் போகிறது. அரங்கில் கைதட்டல்.

இந்த மாதிரி வீடியோக்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு 'வாவ்' போட்டுவிட்டு அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடுகிறோம். அந்த 'வாவ்'-க்குப் பிறகு 'ஏன்?' என்று கேட்க வைப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர் பஸ்ஸாம் ஷகாஷிரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் - மேடிசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஆராய்ச்சியைவிட, பாடம் நடத்தியதற்காகவே பெயர் வாங்கியவர். அது ஏன் பெரிய விஷயம்?

லெபனானில் இருந்து மேடிசனுக்கு

ஷகாஷிரி 1939-ல் லெபனானின் கடலோர ஊரான என்ஃபேயில் பிறந்தவர். பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்தார். 1957-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அதே ஆண்டில்தான். 'அறிவியலில் பின்தங்கிவிட்டோமா?' என்ற பதற்றத்தில் பள்ளி அறிவியல் கல்விக்கு அமெரிக்கா பணத்தைக் கொட்டத் தொடங்கிய காலம் அது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1968-ல் பிஎச்.டி., இலினாய் பல்கலைக்கழகத்தில் சில காலம் ஆசிரியர் பணி. 1970-ல் மேடிசனுக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆண்டு மாணவர்களுக்குப் பொது வேதியியல் எடுப்பது அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்று.

பல்கலைக்கழக உலகத்தில் இதற்குப் பெரிய மவுசு கிடையாது. ஆய்வுக் கட்டுரையும் ஆய்வு நிதியும் கொண்டு வருபவருக்குத்தான் பதவி உயர்வு, மரியாதை. முதல் ஆண்டு வகுப்பு என்றால் 'யாராவது ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும்' என்ற மனநிலை. அந்த வகுப்பைத்தான் ஷகாஷிரி தன் களமாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் குடுவையில் என்னதான் நடக்கிறது?

வெள்ளைக் கட்டி என்பது உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். சாதாரண ஐஸ் மாதிரி இது உருகித் திரவமாகாது, நேராக வாயுவாகிவிடும். தண்ணீருக்குள் போட்டதும் குமிழ்கள் கிளம்புவது அதனால்தான்.

சரி, அந்தப் புகை? அது கார்பன் டை ஆக்சைடு இல்லை. அந்த வாயுவுக்கு நிறமே கிடையாது. குளிரில் நீராவி சுருங்கி நுண்ணிய துளிகளாவதைத்தான் புகையாகப் பார்க்கிறோம். ஃப்ரீசரைத் திறந்ததும் வருகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

நிறமாற்றத்துக்குக் காரணம் வேறு. குடுவையில் இருப்பது லேசான காரம் கலந்த தண்ணீர். கூடவே ஒவ்வொன்றிலும் ஒரு நிறங்காட்டி கரைந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும். காரம் குறைந்து கரைசல் அமிலப் பக்கம் நகரும். நிறங்காட்டி அதை நிறம் மாறிச் சொல்கிறது. எந்த பிஎச் அளவில் மாறும் என்பது நிறங்காட்டிக்கு நிறங்காட்டி வேறுபடும். அதனால்தான் குடுவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதில்லை.

இதில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதுவும் இதே வேலைதான். மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சுண்ணாம்பு காரம். சாம்பார் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாகிறதே, அதற்கும் இதுதான் பதில்.

இந்த விளக்கம் இல்லாவிட்டால் மேடையில் நடப்பது வெறும் வித்தை. ஷகாஷிரியின் கவலையே அதுதான். செய்முறை விளக்கம் என்பது கைதட்டல் வாங்குவதற்கு அல்ல. கவனிக்கவும், கேள்வி கேட்கவும், காரணம் தேடவும் பழக்குவதற்கு என்பது அவர் நிலைப்பாடு.

'வாவ்' போதாதா?

போதாது என்கிறது ஓர் ஆய்வு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேத்தரின் குரவுச், எரிக் மசூர் உள்ளிட்டோர் இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும், பார்க்கவே பார்க்காத மாணவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், 'இப்போ என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?' என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்ல வைத்த மாணவர்களின் புரிதல் கூடியிருந்தது.

அறிவியல் வீடியோ போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெடிப்பது முக்கியம் இல்லை. வெடிப்பதற்கு முன்னால் கேட்கும் கேள்விதான் முக்கியம்.

ரகசியத்தை ஏன் வெளியே சொன்னார்?

மந்திரவாதியின் பிழைப்பே ரகசியத்தைக் காப்பதில்தான் இருக்கிறது. ஷகாஷிரி நேரெதிராகச் செய்தார். 'கெமிக்கல் டெமான்ஸ்ட்ரேஷன்ஸ்' என்ற பெயரில், வேதியியல் ஆசிரியர்களுக்கான கையேட்டின் முதல் தொகுதி 1983-ல் வெளிவந்தது. ஐந்தாவது தொகுதி 2011-ல் வந்தது. இடையில் 28 ஆண்டுகள்.

கையேட்டின் அமைப்பைப் பார்த்தால் அவர் மனசு புரியும். ஒவ்வொரு செய்முறைக்கும் தேவையான பொருள்களின் பட்டியல், செய்யும் விதம், அதில் உள்ள ஆபத்துகள், மிச்சமானதைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் வழி, கடைசியில் வேதியியல் விளக்கம். பெரும்பாலான வைரல் வீடியோக்களில் காணாமல் போவது இந்தக் கடைசி மூன்றும்தான். உதாரணத்துக்கு உலர்பனியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் தொட்டால் தோல் புண்ணாகும். மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் மூச்சுத் திணறும். இதையும் சேர்த்துச் சொல்வதுதான் பாடம்.

இரண்டாம் தொகுதியில் அலைவு வினைகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வகையில் புகழ்பெற்றது பிரிக்ஸ் - ரவுஷர் வினை. நிறமற்ற கரைசல் பழுப்பு மஞ்சளாகும், சட்டென்று கருநீலமாகும், மறுபடி நிறமிழக்கும். சில நிமிடங்களுக்கு இது திரும்பத் திரும்ப நடக்கும். இதை உருவாக்கிய தாமஸ் பிரிக்ஸ், வாரன் ரவுஷர் இருவரும் சான் பிரான்சிஸ்கோவின் கலிலியோ உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். 1973-ல் வேதியியல் கல்விக்கான இதழில் இதை வெளியிட்டார்கள். பள்ளி ஆசிரியர்களால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் திறமையை நம்பித்தான் 1983-ல் மேடிசனில் வேதியியல் கல்வி நிறுவனத்தை ஷகாஷிரி தொடங்கினார். பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துவது அதன் முக்கிய வேலை. ஒருவர் மேடையில் நின்று காட்டினால் ஓர் அரங்கம் பார்க்கும். நூறு ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நூறு வகுப்பறைகள் பார்க்கும். கணக்கு சிம்பிள்.

முதல் வெட்டு எதற்கு விழும்?

ஸ்புட்னிக் தந்த பதற்றம் காலப்போக்கில் அடங்கியது. 1981-ல் ரொனால்ட் ரீகன் அதிபரானார். அவரது அரசின் செலவுக் குறைப்பில், என்எஸ்எஃப் எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கல்வித் திட்டங்கள் ஏறத்தாழ முழுவதுமாகக் கைவிடப்பட்டன. ஆராய்ச்சி நாட்டுக்குத் தேவை, பள்ளிக் கல்வியை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அப்போதைய வாதம்.

விளைவு சீக்கிரமே பேசுபொருளானது. 1983-ல் வெளியான 'எ நேஷன் அட் ரிஸ்க்' என்ற அரசு அறிக்கை, பள்ளிக் கல்வியின் தரம் நாட்டையே ஆபத்தில் தள்ளியிருப்பதாக எச்சரித்தது. கைவிட்ட கல்விப் பிரிவை மறுபடி கட்டியெழுப்ப வேண்டிய நிலை. 1984-ல் அந்தப் பொறுப்பு ஷகாஷிரிக்கு வந்தது. 1990 வரை அறிவியல், பொறியியல் கல்விக்கான உதவி இயக்குநராக இருந்து, திட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வந்தார்.

ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரை இங்கே உட்கார வைத்தது சும்மா இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கும் பாடத்திட்டத்துக்கும் செலவழிக்கும் பணத்தின் பலன் 10, 15 வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் நெருக்கடி வந்தால் முதல் வெட்டு அங்கே விழுகிறது. அந்த வெட்டு வகுப்பறையில் என்ன செய்யும் என்பது வகுப்பறையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் எல்லை எது?

விஸ்கான்சினில் ஒரு பழைய கொள்கை உண்டு. பல்கலைக்கழகத்தின் பயன் அந்த மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே அது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ் வலியுறுத்தியது. 'விஸ்கான்சின் ஐடியா' என்றே இதற்குப் பெயர். அந்தப் பெயரில் அமைந்த சிறப்புப் பேராசிரியர் பதவி 2001-ல் ஷகாஷிரிக்கு வழங்கப்பட்டது.

அதற்கு வெகுகாலம் முன்பே அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். 1970-ல் வகுப்பு மாணவர்களுக்காக ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு விரிவுரை நடத்தினார். அது வருடா வருடம் தொடர்ந்தது. குழந்தைகளும் பெற்றோரும் வந்தார்கள், பொதுத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. 2019-ல் 50-வது ஆண்டைத் தொட்டது.

இதற்கு முன்னோடி லண்டனில் இருக்கிறது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விரிவுரைகள் 1825-ல் தொடங்கின. மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 முறை அந்தத் தொடரை நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை வைத்தே ஒரு முழுத் தொடரைப் பேசியவர் அவர். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவருக்கு, குழந்தைகளிடம் பேசுவது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை.

ஆய்வேட்டில் அம்மாவுக்கு ஓர் அத்தியாயம்

ஷகாஷிரி தொடங்கிய இன்னொரு அமைப்பு, அறிவியல் எழுத்தறிவுக்கான விஸ்கான்சின் முன்னெடுப்பு. அதன் ஒரு திட்டம் சுவாரசியமானது. பிஎச்.டி. மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டிலேயே, துறை சாராதவர்களுக்குப் புரியும் மொழியில் ஓர் அத்தியாயம் எழுத ஊக்குவிக்கப்படுகிறார்கள். அம்மா, அப்பா, பள்ளித் தோழன், ஊர்க்காரர் என யார் படித்தாலும் 'இவன் அஞ்சு வருஷமா என்னதான் பண்ணினான்' என்பது புரிய வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கலைச்சொல்லின் பின்னால் ஒளிய முடியாது. நமக்கே சரியாகப் புரியாத இடம் பளிச்சென்று வெளியே தெரிந்துவிடும். ஐடி, வங்கி, மருத்துவம் என எந்தத் துறையில் இருந்தாலும், உங்கள் வேலையை வீட்டில் உள்ளவர்களிடம் ஐந்து நிமிடத்தில் விளக்கிப் பாருங்கள், தெரியும்.

குடுவையில் இருந்து கடலுக்கு

2012-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவரானார் ஷகாஷிரி. உலகின் பெரிய அறிவியல் சங்கங்களில் அதுவும் ஒன்று. அப்போது அவர் முன்னுரிமை கொடுத்த விஷயங்களில் ஒன்று பருவநிலை மாற்றம். அதன் அறிவியலை வேதியியலாளர்கள் முதலில் தாங்கள் சரியாகப் புரிந்துகொண்டு, பிறகு மற்றவர்களிடம் பேச உதவும் தகவல் தொகுப்பைச் சங்கம் உருவாக்கியது.

இதற்கும் அந்த வண்ணக் குடுவைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோலில் இருந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. குடுவையில் நடந்த அதே வினை அங்கேயும் நடக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச், இப்போது சுமார் 8.1. சின்ன எண் மாதிரி தெரியலாம். ஆனால், பிஎச் என்பது மடக்கை அளவு. இந்தச் சரிவுக்கு அர்த்தம், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது என்பது. பவளங்களும் சிப்பிகளும் சுண்ணாம்பு ஓடு கட்டுவது இதனால் கடினமாகிறது.

கடலில் யாரும் நிறங்காட்டி ஊற்றி வைக்கவில்லை. அதனால் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடுவையில் நடந்ததைப் புரிந்துகொண்டவருக்கு மட்டும் அந்த 8.1 என்ற எண் பேசும்.

நமக்கு இதில் என்ன?

தடுப்பூசி, குடிநீர், உணவுக் கலப்படம், காற்று மாசு என நாம் அன்றாடம் எடுக்கும் முடிவுகள் பலவற்றில் வேதியியல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டை நம்புவதா வேண்டாமா என்பதிலும் இருக்கிறது. எல்லோரும் விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை. 'இது ஏன் இப்படி நடக்குது? உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

அந்தப் பழக்கம் தானாக வராது. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவருக்குப் பயிற்சியும், பொருளும், மரியாதையும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சாதித்தவரைக் கொண்டாடும் நாம், முதல் ஆண்டு வகுப்பில் நின்று பேசுபவரை 'வெறும் வாத்தியார்' என்கிறோம். அந்த 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஷகாஷிரியின் அரை நூற்றாண்டு ஒரு செய்முறை விளக்கம்.