"இந்த அசைவை உனக்குச் சொல்லித் தந்தது ஆர்?"

போன செப்டெம்பரில் ஒரு நாள், யூனிவேர்சிட்டியால் வந்ததும் வராததுமாக மகள் சொன்னாள்: "அம்மா, இந்த செமஸ்டர் ஆபிரிக்கன் டயஸ்போரா டான்ஸ் எண்டு ஒரு பாடம் எடுத்திருக்கிறன்."

நான் ஸ்காபரோவில் இருபது வருடமாகப் பரதநாட்டியம் படிப்பிக்கிறவள். வீட்டு பேஸ்மென்ற்தான் வகுப்பு. மகள் அங்கேதான் தட்டடவு பழகி, பதினாறு வயதில் அரங்கேறினாள். "இதுக்கோ இவ்வளவு காசு கட்டிப் படிக்க விட்டனாங்கள்?" என்று கேட்டேன். அதோடு நின்றிருக்கலாம். கறுப்பின மக்களைக் குறித்து எங்கட வீடுகளில் கூச்சமில்லாமல் புழங்கும் அந்தச் சொல்லும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. பிள்ளை ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று ஒரு வகுப்பை வைத்தார்கள். மனம் கேட்காமல் போனேன்.

பெரிய மண்டபம். ஒரு மூலையில் இரண்டு பேர் ஜெம்பே மேளத்தோடு இருந்தார்கள். விரிவுரையாளர் ஜமேக்காப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பெண். முதலில் மூச்சு, பிறகு முதுகெலும்பு, பிறகு தோள், விலா, இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே அசைக்கப் பழக்கினார். முழங்கால் மடங்கி, பாரம் நிலத்தை நோக்கி இருந்தது. அரைமண்டி பழகிய என் மகளுக்கு அது சிரமமாகவே இல்லை. முதுகுதான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. நாங்கள் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லும் முதுகை அவர்கள் அலைபோல ஓடவிடுகிறார்கள்.

இடையிடையே விரிவுரையாளர் கதை சொன்னார். ஆபிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1739இல் தென் கரோலைனாவில் அடிமைகள் கிளர்ந்தபோது மேளம் அடித்து ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருடமே அங்கே அவர்கள் மேளம் வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. மேளம் போனதும் கையும் தொடையும் காலும் மேளமாயின. நான் வெறும் துள்ளல் என்று நினைத்த காலடிகளுக்குள் இவ்வளவு கிடந்திருக்கிறது.

இந்த நடனம் யூனிவேர்சிட்டிக்குச் சும்மா வந்துவிடவில்லை. சிகாகோவில் மானிடவியல் படித்த காத்தரின் டன்ஹம் 1935இல் கரீபியன் தீவுகளுக்குப் போய், ஜமேக்காவிலும் ஹெய்ட்டியிலும் மக்களோடு இருந்து ஆடிப் பழகினார். அங்கே கற்றதைக் கொண்டு தனக்கென ஒரு பயிற்சிமுறையை உருவாக்கினார். ட்ரினிடாட்டில் பிறந்த பேர்ல் பிறைமஸ், உயிரியல் படித்துவிட்டு நடனத்துக்கு வந்து, 1978இல் நியூயோர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பெனினில் பிறந்த ஜெர்மேன் அகோனி செனகல் கடற்கரையில் தொடங்கிய பள்ளியில் இன்று பல நாட்டு இளையவர்கள் பழகுகிறார்கள். இந்தப் பெயர்களோடு டான்ஸ்ஹோலும் ஹிப் ஹொப்பும் அதே வகுப்பில் படிப்பிக்கப்படுகின்றன.

அந்த வகுப்பில் ஆடுவதற்குப் பாதிப் புள்ளி, எழுதுவதற்குப் பாதி. நீ ஆடும் அசைவு எந்த ஊரிலிருந்து வந்தது? உனக்குச் சொல்லித் தந்தது யார்? அவருக்கு யார்? அதனால் பேரும் காசும் பெற்றது யார்? இதைத் தனக்குத் தெரிந்த ஒரு நடனத்துக்கு ஒவ்வொரு மாணவரும் எழுத வேண்டும்.

மகள் பரதத்தை எடுத்தாள். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கீழே வந்து, "அம்மா, உங்கட ரீச்சரின்ர ரீச்சர் ஆர்?" என்றாள்.

என் ஆசிரியை யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர்; சென்னை கலாக்ஷேத்திராவில் படித்து வந்தவர். அதற்குமேல் ருக்மிணி தேவி. அதோடு நின்றுவிட்டேன். மிச்சத்தை மகளே தேடினாள். ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இன்னொருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், கோயிலில் ஆடிய தேவதாசி மரபில் வந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. ஆட்டம் வேறு வீடுகளுக்குப் போய் மதிப்புப் பெற்றது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்களுக்கு வெட்கம் மட்டும் மிஞ்சியது. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் யூனிவேர்சிட்டிக்குப் போய்ப் படிப்பித்திருக்கிறார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பரத முனிவரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கௌரி அம்மாளின் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை.

நாங்களும் கடல் கடந்து, ஆட்டத்தையும் பாட்டையும் பெட்டிக்குள் கொண்டு வந்த சனம்தான். அடிமைக் கப்பலையும் எங்கட விமானத்தையும் ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. அது பெரிய பொய். ஆனால் எல்லாம் பறிபோன அந்த மக்கள் சொல்லித் தந்தவர்களின் பெயரைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். நாங்களோ கையில் இருந்த பெயர்களை நாங்களே கழற்றிப் போட்டோம்.

இதில் யூனிவேர்சிட்டிக்கும் பாராட்டுப் பத்திரம் கொடுக்க முடியாது. மகள் படிக்கும் இடத்தில் பலே கட்டாயம், இது விருப்பப் பாடம். விரிவுரையாளருக்கு ஒப்பந்த வேலைதான். ஆள் குறைந்தால் பாடமே நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன்: உங்கட பிள்ளை இப்படியொரு பாடத்தைத் தெரிந்தால் தடுக்காதீர்கள்.

அன்று வகுப்பு முடியும்போது பிள்ளைகள் எல்லாரும் மேளகாரர் முன்னால் போய், நிலத்தைத் தொட்டு நெஞ்சைத் தொட்டார்கள். நாங்கள் ஆடி முடித்து நிலத்தைத் தொட்டுக் கும்பிடுவது ஞாபகம் வந்தது. என் வகுப்பில் தாளம் ஃபோனிலிருந்து வருகிறது.

திரும்பி வரும்போது காருக்குள், அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னட்டைக் கேட்டு என்னம்மா செய்யிறது?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். என் ஆசிரியையில் தொடங்கி, கௌரி அம்மாள் வரை பெயர்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஏன்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். அடுத்த கிழமை அவருடைய பிள்ளை வரவில்லை. தாளைக் கழற்றவில்லை. இந்த வருட அரங்கேற்ற அழைப்பிதழில் அந்தப் பெயர்களையும் அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.