பூர்வீகம் சொல்லும் கற்கள் - 9: எரிமலை சுமந்து வந்த வெள்ளைப் படிகம்

அந்தமான் தீவுகளின் ரங்கத் கடைத்தெருவில் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும் சற்று நேரத்தில் "பூர்வீகம் எந்த ஊர்?" என்ற கேள்வி வந்துவிடும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியமர்ந்தவர்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், பிழைப்புத் தேடிக் கப்பலேறிய தமிழர்கள் என்று எல்லோரும் கலந்து வாழும் ஊர். அதே கேள்வியை இந்த வட்டாரத்துக் கற்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ரங்கத்துக்குக் கிழக்கே, கடலில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பேரன் தீவு. 1787இல் வெடித்ததாகப் பதிவாகி, பின்னர் நெடுங்காலம் உறங்கி, 1991இல் மறுபடி விழித்த எரிமலை. அதன் கறுத்த பாறைகளில் வெள்ளைப் படிகங்கள் பதிந்திருக்கும். பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம். அவற்றில் சில எரிமலைக் குழம்பில் பிறந்தவையே அல்ல. குழம்பு மேலேறும் வழியில் அடிநிலப் பாறையிலிருந்து பெயர்ந்து கூடவே வந்தவை. நாம் துளையிட்டு எட்ட முடியாத ஆழத்தின் மாதிரியை எரிமலையே கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறது!

ஜோதிரஞ்சன் ரே, காஞ்சன் பாண்டே, ரஜ்னீஷ் பூட்டானி மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படிகங்களைப் பற்றியது. படிகத்தைப் படிப்படியாகச் சூடேற்றி, வெளிவரும் ஆர்கான் வாயுவை அளந்தார்கள். பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான்-40 ஆவதால் அது ஒரு கடிகாரம். தீவில் கடலுக்கு மேல் தெரியும் மிகப் பழைய குழம்புப் பாறைக்கு வயது 15.8 லட்சம் ஆண்டு. அது சுமந்து வந்த சில படிகங்களுக்கோ 10.6 கோடி ஆண்டு; கூடக்குறைய 30 லட்சம்.

வயது தெரிந்துவிட்டது. பிறப்பிடம்?

தேங்காய்ப்பால் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பாலிலேயே கொழுப்பில் பெரும்பங்கு இறங்கிவிடும், மிச்சம் சக்கை. பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் சிறிது உருகும்போதும் இதே கதைதான். ருபீடியம் உருகலோடு போய்க் கண்டங்களின் மேலோட்டில் சேர்கிறது. நியோடிமியமும் போகிறது, சமேரியம் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆகவே சக்கையில் நியோடிமியத்தை ஒப்பிடச் சமேரியம் தூக்கல். சமேரியம்-147 மிக மெதுவாக நியோடிமியம்-143 ஆக மாறும். அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளில் சக்கையில் நியோடிமியம்-143 விகிதம் ஏறிக்கொண்டே போகும். ருபீடியத்திலிருந்து பிறக்கும் ஸ்ட்ரான்ஷியம்-87 அங்கே குறைவாகவே சேரும். கண்ட மேலோட்டில் இரண்டும் நேர்மாறு. சக்கை பின்னர் மறுபடி உருகிக் கடலடி மேலோடானாலும் இந்த விகிதங்கள் அழிவதில்லை. எனக்கு இதைவிட வியப்பான பிறப்புச் சான்றிதழ் தெரியாது.

இலங்கையில் 1980களில் இதே நியோடிமியத்தை வைத்து நாட்டின் பாறைகளையே வரைபடமாக்கினார்கள். மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருள் மேன்டிலை விட்டுப் பிரிந்து 200 முதல் 300 கோடி ஆண்டு ஆகிறது என்று தெரிந்தது. கிழக்குப் பாறைகள் அவற்றுக்கு இளையவை.

பேரன் தீவுக் குழம்பு சுமந்து வந்த பாறைத்துணுக்குகள் அப்படிப்பட்ட பழைய கண்டத்தின் பிள்ளைகள் அல்ல. அவற்றின் ஸ்ட்ரான்ஷியம்-87 விகிதம் 0.7040க்கும் கீழே. நியோடிமியம்-143 விகிதம், பூமியின் சராசரியைவிடப் பத்தாயிரத்தில் 7 பங்குக்கும் மேல் கூடுதல். அதாவது கடலடி மேலோட்டின் ஆழத்தில் உறைந்த கேப்ரோ பாறை.

ரங்கத் பக்கத்துப் பஞ்சவடி மலைப் பகுதியில் கிடக்கும் கரும்பச்சைப் பாறைகளும் பழைய கடலடியின், மேன்டிலின் துண்டுகள். ஓஃபியோலைட் என்பார்கள். ஒரு காலத்தில் யூரேசியத் தட்டின் மேற்கு ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரே நிலத்தளம்தான் இந்த மலைகளுக்கும் அந்த எரிமலைக்கும் அடியில் தொடர்கிறது என்று மூவரும் கருதுகிறார்கள். படிகம் கடலடியில் பிறந்தது என்பதை அளவுகள் நேரே காட்டுகின்றன. இரண்டும் ஒரே தளம் என்பது அவற்றிலிருந்து எடுத்த ஊகம். அவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த ஊகத்தின் பக்கம்.

தெற்கு அந்தமானின் சிடியாதாப்புவில் இதே ஓஃபியோலைட்டின் வெளிறிய பாறை ஒன்றில் சிர்க்கான் படிகங்கள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 9.5 கோடி ஆண்டு. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.