ஒரு அணா சாப்பாடும் கல்லூரிப் படிப்பும்

வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த மெட்ரோ ரெயில் நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? 'தியாகராயா கல்லூரி'! 2021-ல் திறந்தார்கள்.

யார் அந்தத் தியாகராயர்? பிட்டி தியாகராய செட்டியார். தியாகராய நகர் என்கிறோமே, அதுவும் இவர் பெயர்தான். நெசவுத் தொழில் நடத்தியவர். வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்.

பசித்த வயிற்றில் பாடம் ஏறுமா? 1920-ல் அவர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது கணக்கு!

1925-ல் அவர் மறைந்தார். அவர் பெயரில் கல்லூரி வந்ததோ 1950-ல். பேட்டைப் பையன்கள் நடந்தே கல்லூரிக்குப் போனார்கள்.

பெண்கள்? 1964-ல் பிராட்வே பக்கம் அவர்களுக்கென்று அரசுக் கல்லூரி வந்தது. அதுதான் பாரதி மகளிர் கல்லூரி.

கல்லூரி பக்கத்தில் இருந்தால் போதுமா? பஸ் காசு, புத்தகக் காசு வேண்டாமா? "வேலைக்குப் போனால் நாலு காசு வருமே" என்று வீட்டில் பேச்சு எழும். பல பெண்களின் படிப்பு நின்றது இந்த இடத்தில்தான்.

2022 செப்டம்பர் 5-ந் தேதி அதே பாரதி கல்லூரியில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவளுக்கு, மேற்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். பணம் அப்பா கைக்கு அல்ல, அவள் வங்கிக் கணக்குக்கே போயிற்று!