நினைவகத்தில் நேரே எழுதும் முறை

பழைய சிறு கணிப்பொறியின் நினைவகம், அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து இடும் மாடங்களை ஒத்தது. ஒவ்வொரு மாடத்திற்கும் உரிய எண்ணே அதன் முகவரி. மாடம் ஒன்றில் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணையே வைக்க இயலும். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான கமடோர் பெட் இத்தகைய பொறியாகும். அதன் பேஸிக் மொழியில் 'போக்' என்னும் கட்டளை, குறித்த மாடத்தில் குறித்த எண்ணை நேரே இட்டுவிடும். 'பீக்' என்பது அங்குள்ள எண்ணைப் படித்துக் கூறும்.

பெட் பொறியின் திரையில் 25 வரிகள்; வரிக்கு 40 எழுத்துக்கள். இந்த 1,000 இடங்களும் 32768 முதல் 33767 வரையுள்ள மாடங்களே. 32768-இல் 1 என்று இட்டால், திரையின் இடது மேல் மூலையில் ஆங்கிலத்தின் முதலெழுத்து அக்கணமே தோன்றும். மாணவர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

ஆனால் இங்கே காவல் எதுவும் கிடையாது. பேஸிக் நிரலும் அதே நினைவகத்தில் 1025-ஆம் மாடம் முதல் அமைந்திருக்கும். அங்கே தவறுதலாக எண்ணை இட்டால் நிரலே சிதைந்துபோம். பெரும்பாலும் பொறியை அணைத்து மீண்டும் இயக்கினால் போதும். நாடாவில் பதியாத நிரல்தான் நஷ்டம்.

59458-ஆம் முகவரியின் வரலாறு அத்தனை எளிதன்று. அது திரைக்குரிய மாடமன்று. புறச் சுற்றுக்களைக் கட்டுப்படுத்தும் சில்லைச் சேர்ந்தது. அதில் 62 என்று இட்டால், முதற்காலப் பெட் பொறிகளில் திரையில் எழுதும் வேகம் கூடிற்று. பிற்கால மாதிரிகளில் திரைச்சுற்று மாற்றி அமைக்கப்பட்டது. அவற்றில் அதே கட்டளை காட்சியைக் குலைத்ததோடு, திரைச்சாதனத்தையே பழுதாக்கவும் வல்லதாயிற்று. கட்டளையில் பிழை இல்லை, பொறிதான் மாறிவிட்டது.

1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியே பள்ளிகளுக்கு வந்த பி.பி.ஸி. பொறியில் 'போக்' என்னும் சொல்லே இல்லை. கேள்விக்குறி ஒன்று அவ்வேலையைச் செய்தது. அப்பொறியுடன் இரண்டாவது செயலியை இணைத்தால், நிரல் வேறொரு நினைவகத்தில் இயங்கும். திரைக்குரிய மாடங்கள் அங்கு இல்லாமையால், நேரே இட்ட எண் திரையை எட்டுவதில்லை. இயக்கத்தொகுதியின் வாயிலாக எழுதிய நிரலோ மாற்றமின்றி நடந்தது.

இக்கால மேசைக் கணிப்பொறியில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி முகவரிப் பரப்பு உண்டு. தனக்கு ஒதுக்கப்படாத இடத்தில் எழுத முயலும் நிரலை இயக்கத்தொகுதி பொதுவாக நிறுத்திவிடும். சிறு கருவிகளை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லுகளிலோ பழைய முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு சிறு விளக்கை எரியச் செய்யவும், உரிய முகவரியில் உரிய எண் சென்று சேர வேண்டும்.