காடாகிய தேயிலை மலைகள்

ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் பயணம் செய்வோர், பசிய தேயிலை மலைகளுக்கு நடுவே சிற்சில இடங்களில் ஒரு புதுமையான காட்டைக் காண்பர். தொலைவிலிருந்து நோக்கினால் அது இயற்கையாக வளர்ந்த காடு போலவே தோன்றும். அருகிற் சென்று பார்த்தால், இரண்டாள் உயரத்துக்கு மேலும் வளர்ந்த மரங்கள் வரிசை தப்பாது நிற்பது தெரியும். கிளைகளில் மஞ்சள் மகரந்தம் நிறைந்த வெண்ணிறப் பூக்களும், கீழே தரையில் உருண்டைக் காய்களும் கிடக்கும். அவை தேயிலை மரங்கள். தேயிலைச் செடி என்று உலகம் அழைப்பது, கத்தியாலும் விரலாலும் இடுப்பளவு உயரத்தில் அடக்கி வைக்கப்பட்ட மரமே. அடக்கும் கை விலகியதும் அது தன் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது.

இத்தகைய மலைகளை மீண்டும் திறந்தால் என்ன என்ற கேள்வி பதுளை மாவட்டத்தில் அடிக்கடி எழுகிறது. நிலம் இருக்கிறது, அதில் ஊவாத் தேயிலையும் வேரோடு நிற்கிறது, அருகிலேயே லயங்களில் வேலையின்றி இளைஞர் இருக்கின்றனர். ஆதலால் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறினாற் போதும் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில், மூடிக் கிடக்கும் மலையைத் திறப்பது, கன்னி நிலத்தில் புதுத் தோட்டம் போடுவதைக் காட்டிலும் சிக்கலானது.

மலை ஒன்று ஒரே நாளில் மூடப்படுவதில்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும். கொழுந்து கிள்ளுவோர் ஏறத்தாழ ஏழு நாளுக்கு ஒரு முறை அதே மலைக்குத் திரும்ப வேண்டும். ஆட்கள் குறைந்தால் அந்தச் சுற்று பத்து நாளாகும், பதினைந்து நாளாகும். கொழுந்து முற்றிவிடும், முற்றிய கொழுந்துக்கு நல்ல விலை இல்லை. அப்போது தோட்டத்து நிருவாகம் மிகத் தொலைவிலுள்ள, விளைச்சல் குன்றிய மலையை ஒதுக்கி, மற்றவற்றைக் காப்பாற்ற முற்படும். அடுத்த ஆண்டு இன்னொரு மலை ஒதுக்கப்படும். கணக்கில் அது ‘தற்காலிகமாக விடப்பட்டது’ என்றே இருக்கும். பத்து ஆண்டு கழிந்த பின்னும் அச்சொல் மாறாதிருப்பதுண்டு.

ஊவா இதற்கு முன்னரும் ஒரு முறை மூடித் திறக்கப்பட்ட நாடுதான். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொடி போன்ற ஒரு நோய் காணப்பட்டது. அதிலிருந்து இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வம் அழிந்தது. கைவிடப்பட்ட கோப்பி மலைகளில் சிங்கோனா நடப்பட்டது. பின்னர் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தன்னைத் தொழிற்சாலை அவர் பெயரை இன்றும் நினைவூட்டுகிறது. இருப்புப்பாதை 1893இல் அப்புத்தளையையும், மறு ஆண்டில் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வர 1924ஆம் ஆண்டு ஆயிற்று.

அந்த மறுதிறப்பு வெற்றி பெற்றதன் காரணம் சிந்திக்கத்தக்கது. பாதைகளும் கட்டடங்களும் கோப்பிக் காலத்திலேயே அமைந்திருந்தன என்பது உண்மை. ஆனால் கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வேலை முடிந்ததும் திரும்பிச் சென்றனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்குக் குடும்பத்தோடு வந்து தங்கும் மக்கள் தேவைப்பட்டனர். தங்கினார்கள். மலைகள் திறந்தன. இன்றைய மறுதிறப்பில் இல்லாதிருப்பது அதே ஒன்றுதான்.

தங்கியவர்கள் எவ்வாறு குறைந்தார்கள் என்ற வரலாற்றை நேயர்கள் அறிவர். இங்கு சுருங்கக் கூறினாற் போதும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேரை இலங்கை ஏற்கவும் வகை செய்தது. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் புகைவண்டி ஏறித் தலைமன்னார் சென்று கப்பல் ஏறின. 1984இல் அக்கப்பற் பயணம் நிற்கும் வரை இந்த ஓட்டம் நீடித்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சமும், 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளில் வன்செயல்களும் மேலும் பலரை மலையை விட்டு வெளியேற்றின. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவற்றுட் பல ஆளும் பணமும் குன்றிய நிலையிலேயே இருந்தன.

இனி, காடாகிய மலைக்குள் நுழைவோம். செடி நெடுநாள் கிள்ளப்படாதிருந்தமையால் இறந்துவிட்டது என்று கருதக்கூடாது. கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னர்ச் சிறிது காலம் கொழுந்து கிள்ளாது ஓய்வு கொடுப்பது தோட்டங்களில் வழக்கமே. இலைகள் ஆக்கிய மாச்சத்து வேரிற் சேர்ந்து, வெட்டுண்ட செடி மீண்டும் தளிர்க்க உதவுகிறது. அது போதிய அளவு உண்டா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றை வெட்டி, அதன் முகத்தில் அயடீன் கரைசலைத் தடவ வேண்டும். கருநீலமாக மாறினால் மாச்சத்து நிறைந்திருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் அச்செடியில் கத்தி வைத்தல் ஆகாது. கொடிகள் மூடி வெயில் மறைக்கப்பட்ட செடிகளும், மண் கழுவுண்ட சரிவிலுள்ள செடிகளும் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

சோதனையில் தேறிய செடியையும் எந்த மாதத்திலும் வெட்டிவிட இயலாது. தொடையளவு பருத்த தண்டை வெட்டினால் காயம் பெரிது. அதன் வழியே மரம் உக்கும். ஊவாவின் வறண்ட மாதங்களில் வெட்டினால், நிழலிலே பழகிய பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். வெட்டிய கிளைகளையே செடியின் மேல் மூடி நிழல் தர வேண்டும். இவை யாவும் கைத்தொழில். பழைய கவ்வாத்துக்காரர் ஒருவர் அருகில் நின்று காட்டினாலன்றிப் புத்தகம் படித்துக் கற்க முடியாதவை.

வெட்டிய பின்புதான் மலையின் உண்மையான நிலை வெளிப்படும். நன்கு நிறைந்த புதுமலையில் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 12,500 செடிகள் நிற்கும். கைவிடப்பட்ட மலையில் இடையிடையே பெரும் வெற்றிடங்கள் காணப்படும். வெற்றிடம் சிறிதாயின் தவறணையிலிருந்து கன்றுகளைக் கொணர்ந்து நிரப்பலாம். மிகுதியாயின் பழைய செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தேற்றுவதற்காக மாணாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல்லை ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வளர்த்து, அதன் பிறகே புதுக்கன்று நடுதல் முறை. கன்று கொழுந்து தர மேலும் இரண்டு மூன்று ஆண்டு செல்லும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஊவாவில் பசறையில் ஒரு பிராந்திய நிலையம் உண்டு. எந்த இனக் கன்று எந்த உயரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்றது என்ற அறிவுக்குக் குறைவில்லை. குறையாக இருப்பது, வருமானமில்லாத அந்த ஐந்து ஆண்டுகளுக்குக் கூலி கொடுக்கும் முதல்.

சில மலைகளைத் திறக்கவே கூடாது. இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டம் போட்டவர்கள் சரிவுக்குக் குறுக்காகக் கான்களை வெட்டி மழைநீரை ஓடைகளுக்குக் கொண்டு சென்றனர். கான் தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான சரிவுகளை வரைபடங்களிற் குறித்திருக்கிறது. அவ்வரைபடத்தை விரித்துப் பாராமல் மரத்தில் கோடரி வைப்பவர், மேலே தேயிலையைத் திறந்து கீழே குடியிருப்பை மூடுகிறவர் ஆவார். நீரூற்றைக் காக்கும் காடாக மாறிய மலையை, காடாகவே விடுவதில் இழுக்கொன்றும் இல்லை.

அடுத்தது, தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தொழிற்சாலை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோ தூள் ஆக்க 4,500 கிலோ கொழுந்து வந்தாக வேண்டும். ஒருவர் இருபது கிலோ கிள்ளினால் அது 225 பேரின் உழைப்பு. அந்த அளவுக்குக் குறைந்தால் அடுப்புக்கு இடும் விறகுக்கும் மின்சாரத்துக்கும் கட்டுபடியாகாது. ஆகவே தொடக்கத்தில் கொழுந்தை அயல் தொழிற்சாலைக்கு லொறியில் அனுப்புவதே அறிவுடைமை. சில ஊர்களில் முதலில் கட்டடத்துக்கு வர்ணம் பூசித் திறப்பு விழா எடுக்கும் ஆர்வம் தோன்றுகிறது. கட்டடம் வேறு, தேயிலை வேறு. நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் மூடப்பட்டிருந்த ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. இயந்திரங்கள் காட்சிப் பொருளாயின. அழகிய விடுதிதான். ஊவாவில் பேசப்படும் மறுதிறப்பு அத்தகையதன்று.

தொழிற்சாலை காலம் தவறினால் நேரும் இழப்பு ஊவாவில் தனித்தன்மை உடையது. ஆடி முதல் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளில் மழையை உதிர்த்துவிட்டு வறண்ட கச்சானாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அவ்வறட்சியில் செடி மெதுவாகத் தளிர்த்து, உலகம் புகழும் அந்தத் தனி மணத்தைப் பெறுகிறது. ஆண்டின் நல்ல விலை அந்த மூன்று மாதத்துக் கொழுந்துக்கே. உருளைப் பொறி ஐப்பசியில் பழுது பார்க்கப்பட்டு ஓடத் தொடங்கினால், அந்த ஆண்டின் மணம் காற்றோடு போய்விட்டது என்று பொருள்.

பருவத்தை நம்பிய மலைத்தொழில் எதற்கும் இவ்விடர் உண்டு. காஷ்மீரத்தின் குல்மார்க்கில் 1927இலேயே பனிச்சறுக்குக் கழகம் தோன்றியது. சறுக்குவோரை மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தியை அமைக்கும் வேலை 1980களின் இறுதியில் தொடங்கி, 1990இல் நாட்டு நிலைமை குலைந்தபோது நின்றது. முதற் பகுதி ஓடியது 1998இல், மேற்பகுதி 2005இல். இடைப்பட்ட மாரிகளில் மலையில் பனி விழாமலில்லை. ஊவாவின் மூடிய மலைகளின் மீதும் கச்சான் ஆண்டுதோறும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது.

இறுதியாக, எல்லாவற்றுக்கும் முதலாக இருக்க வேண்டிய மக்கள். தோட்டம் தளர்வதை முதலில் தெரிவிப்பது பாடசாலையின் வரவுப் பதிவேடு. தந்தை கொழும்பில் கடைக்குப் போகிறார். தாய் வளைகுடா நாட்டுக்குப் போகிறாள். பிள்ளை பாட்டியோடு இருந்து, பிறகு அதுவும் இடம் மாறிப் போகிறது. எஞ்சியோர் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதே 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையின் விளைவாக, அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. கூலியை உயர்த்தக் கம்பனி தயங்குகிறது. அக்கூலிக்கு மலை ஏற இளைஞர் தயங்குகின்றனர். இரு சாராரும் கூறுவதில் நியாயம் உண்டு. பட்டப்படிப்பை நோக்கும் பிள்ளையைப் பிரட்டுக்களத்தில் வரிசையில் நிற்க அழைப்பது நடவாத காரியம்.

இதற்கு மாற்றாகச் சில தோட்டங்களில் ஒரு முறை கையாளப்பட்டு வருகிறது. குடும்பம் ஒன்றுக்கு ஒரு தொகைச் செடிகளை ஒப்படைத்து, உரமும் கன்றும் தோட்டம் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்வது அம்முறை. இலங்கைத் தேயிலையில் முக்கால் பங்கை அண்மித்த அளவு சிறு தோட்டக்காரரின் நிலங்களிலிருந்தே வருகிறது என்பதை எண்ணினால், இம்முறையை எளிதில் ஒதுக்க இயலாது. தங்கள் செடி என்ற எண்ணம் இருந்தால், காலையில் கிள்ளிவிட்டுப் பிற்பகலில் வேறு தொழில் பார்ப்போரும் கொழுந்து மடுவத்துக்கு வருவர்.

ஆயினும், தங்கள் செடி என்று கூறுவதற்கு ஆதாரம் என்ன? நிலம் அரசினுடையது. கம்பனியோ 53 ஆண்டுக் குத்தகையில் அதை வைத்திருக்கிறது. அக்குத்தகையிற் பெரும்பகுதி கழிந்துவிட்டது. குடும்பத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் ஒப்பந்தத் தாள் மட்டுமே. ஐம்பது ஆண்டு வாழும் செடியை, அடுத்த ஆண்டு யாரிடம் இருக்கும் என்று தெரியாத நிலத்தில் ஒருவர் ஏன் நட வேண்டும்? புல் வளர்க்கும் இரண்டு ஆண்டு, கன்று வளரும் மூன்று ஆண்டு, இவற்றைத் தாங்கும் கடனை எந்த வங்கி எதன்மேற் கொடுக்கும்? எனவே மலையைத் திறக்கும் வேலை, மலையில் தொடங்குவதன்று. அது பதுளைக் கச்சேரியில், நில அளவையாளரின் சங்கிலியோடும் நீண்டகால உரிமைப் பத்திரத்தோடும் தொடங்க வேண்டிய வேலை. உறுதியோடு நிலம் கிடைக்குமாயின், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருப்பவர்களுள் சிலரேனும் திரும்புவார்கள்.

ஊவாவில் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்கிறது. கன்று நடுவதும், வெற்றிடம் நிரப்புவதும், கான் துப்புரவு செய்து நீர் ஓடும் வழியைச் சோதிப்பதும் அதற்கு இசையவே நடைபெற வேண்டும். அளவை வேலையும் பத்திரமும் புரட்டாதிக்குள் முடிந்தால் அவ்வாண்டே முதல் வரிசையை நட்டுவிடலாம். தவறினால் தவறணையில் கன்று முற்றும்; மலையில் மரம் இன்னும் ஒரு முழம் உயரும்.