புதுக்கோட்டைப் பெண்ணின் சட்டசபை நாற்காலி

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர ஒரு பெண் மனுச் செய்திருந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆட்சேபணை கிளம்பியது.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆட்சேபணையை ஏற்கவில்லை. "சேர்த்துக்கொள்ளலாம்" என்று உத்தரவு பிறந்தது. அந்தக் கல்லூரியின் ஒரே மாணவியாகப் படித்து வெளியே வந்தவர்தான் பிற்காலத்தில் நாடறிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தவர் அவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பேர் பெற்றவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆகவே கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தின் வேதனையை அம்மையார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தேடி வந்த பதவி

சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921-ல். ஆனால் சட்டசபையில் உட்காரும் உரிமை 1926-ல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். தேர்தல் வழியாக ஒரு பெண்கூட உள்ளே வர முடியவில்லை.

இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரைச் சொல்லிற்று. அரசாங்கம் அவரை நியமித்தது. அம்மையாருக்கோ தயக்கம். நோயாளிகளை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்று யோசித்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் இடம் பெற்ற முதல் பெண் அவரே. 1927 தொடக்கத்தில் சபையின் உப தலைவராக அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏற்கத் தயங்கிய பதவிதான். ஆனால் அதைப் பயன்படுத்துவதில் அவர் தயங்கவே இல்லை.

நிலத்தில் இருந்த முடிச்சு

பொட்டுக் கட்டும் வழக்கத்தைக் கண்டித்துப் பேசியவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. அம்மையார் அதன் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். கோயில் ஊழியத்துக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். நிலம் போனால் அடுப்பு எரியாது. அதனால் பெண்ணுக்குப் பிறகு அவள் பெண் என்று வழக்கம் தொடர்ந்தது.

1927 நவம்பரில் இதை ஒழிக்க வேண்டுமென்று சபையில் பிரேரணை கொண்டுவந்தார். சபை ஏற்றது. 1929-ல் அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. இனி ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம். முதலில் சோற்றுக்கு வழி, பிறகு தடைச் சட்டம். இதுதான் டாக்டர் கண்ட சிகிச்சை முறை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சென்னைச் சட்டசபை செய்த சட்டம் அங்கே செல்லாது. ஊருக்கெல்லாம் வழி திறந்த அம்மையாரால், பிறந்த ஊருக்கு அன்று திறக்க முடியவில்லை.

விட்டு வந்த நாற்காலி

பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவையும் 1930-ல் தயார் செய்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது, காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் பதவியை ராஜிநாமாச் செய்தார்.

இழப்பு சிறியதல்ல. மசோதா அப்படியே நின்றுவிட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் வெளியே ஓயாமல் போராடினார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முழுசாகப் பதினேழு ஆண்டுகள்! அடுத்த ஆண்டு, 1948 மார்ச் 3-ந் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்து சென்னை மாகாணத்தின் பகுதியாயிற்று.

நாற்காலி போனதும் அம்மையார் சும்மா இருந்தாரா? தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அடைக்கலம் கேட்டு 1930-ல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டன. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லம் ஆயிற்று.

1937-ல் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மன் ஆனார். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்திலிருந்து அகலவே இல்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டே படுக்கைகளோடு தொடங்கிற்று. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார்.

இன்று தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. 2016-ல் அதற்குச் சட்டம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களிலும் பெண்கள் ஊராட்சித் தலைவர்களாக உட்காருகிறார்கள். மனைவி பெயரில் கணவர் நிர்வாகம் நடத்தும் இடங்களும் நாட்டில் இல்லாமல் இல்லை.

முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையில் இருந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுதான். அதுவும் நியமனப் பதவி, கேட்டுப் பெற்றதுமல்ல. அந்த மூன்றரை ஆண்டுக்குள், தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த பெண்களின் கையில் நிலத்தைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். இன்று ஊராட்சி அலுவலகத்தில் முதல் தடவையாகக் கோப்பைத் திறக்கும் பெண்ணுக்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறதே!