பேணி இறைச்சியும் பைக்கற்று இறைச்சியும்

முகாமிலும் உறவினர் வளவிலும் தகரக் கொட்டில் போட்டு வாழும் குடும்பங்களுக்கு இறைச்சி பெருநாட் பண்டமாகிவிட்டது. ஆட்டையும் கோழியையும் ஊரில் விட்டு வந்தவர்களுக்கு அது இப்போது இரண்டு வழிகளில் வந்து சேருகிறது. ஒன்று, நிவாரணப் பொதியில் வரும் பேணி. மற்றது, சந்திக் கடைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வாங்கும் சொசேஜ், கோழி இறைச்சிப் பைக்கற்றுகள். இரண்டும் தொழிற்சாலையில் அடைக்கப்பட்டவை. இரண்டிலும் திகதி அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே விதமாக வைத்திருக்கலாம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் உயிராபத்தைத் தரக்கூடியது. ஏன் என்பதை விளங்கிக் கொள்வோம்.

பேணி ஏன் கெடுவதில்லை?

பிரான்ஸ் நாட்டு மிட்டாய்த் தொழிலாளியான நிக்கொலா அப்பேர், உணவைப் போத்தலில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி, பின்னர் நெடுநேரம் கொதிநீரில் அவித்தால் அது மாதக்கணக்கில் கெடாது என்று கண்டு, 1810இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். காரணம் அவருக்கும் தெரியாது. நுண்ணங்கிகளே உணவைக் கெடுக்கின்றன என்பதைப் பிற்காலத்தில் லூயி பாஸ்டர் நிறுவினார். இன்று இறைச்சிப் பேணியை மூடிய பின்னர், அமுக்கத்தின் கீழ் ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவிக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆபத்தான கிருமிகளும் அவற்றின் வித்திகளும் இறந்துவிடுகின்றன. வெளியிலிருந்து புதிய கிருமி புக வழியில்லை. ஆகவே பேணி திறக்கப்படாத வரை அதற்குக் குளிர் வேண்டியதில்லை. திறந்த கணமே அது சாதாரண கறிதான்.

பைக்கற்று ஏன் கெடுகிறது?

பச்சை இறைச்சிப் பைக்கற்று அவிக்கப்படுவதே இல்லை. சொசேஜ் அவிக்கப்பட்டாலும் அந்த வெப்பம் பேணிக்குக் கொடுக்கும் வெப்பத்திலும் மிகக் குறைவு. கிருமிகள் பல இறந்தாலும் வித்திகள் பிழைத்துக்கொள்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்துவது குளிர் ஒன்றே. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளுக்கு விளைநிலம். நமது பகல் வெயிலோ 30 பாகையைத் தாண்டுவது. ஏற்ற சூழலில் ஒரு பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். எந்த விதைநெல்லும் இப்படிப் பெருகுவதில்லை!

காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்த பைக்கற்று பாதுகாப்பானது என்றும் சொல்லப்படுகிறது. காற்றில்லாத இடத்தையே விரும்பி வளரும் கிருமியும் உண்டு. பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தருவது அதுதான். 'பொட்டுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு சொசேஜ் என்பதே பொருள். 1820களில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்ரினுஸ் கேர்னர், கெட்ட சொசேஜ் உண்டு இறந்தவர்களை ஆராய்ந்து இந்நோயை விபரித்தார். 1895இல் பெல்ஜியக் கிராமம் ஒன்றின் மரணச் சடங்கில் வாத்தியம் இசைத்தவர்கள் உப்பிட்ட பன்றி இறைச்சியை உண்டதில் மூவர் மாண்டனர். அந்த இறைச்சியிலிருந்தே எமில் வான் எர்மென்கெம் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார்.

"நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா?"

தாய்மார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் சாகுமுன் உணவில் நஞ்சை விட்டுவிடுகின்றன. நமது கைப்புண்ணிலும் மூக்கிலும் வாழும் ஸ்ரபிலோகொக்கசு என்ற பற்றீரியாவின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் அதை முறிக்கமாட்டா. மணமும் நம்பத்தக்க சாட்சியல்ல. கெட்ட மணமே இல்லாத இறைச்சியிலும் நஞ்சு இருக்கலாம்.

கைக்கொள்ள வேண்டியவை

1. ஊதிய, ஒழுகிய, விளிம்பில் நசுங்கிய, ஆழத் துருப்பிடித்த பேணியைத் திறக்கவே வேண்டாம். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

2. திறந்த பேணியையும் சமைத்த கறியையும் இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடியுங்கள். கடும் வெயிலில் ஒரு மணி நேரமே கணக்கு.

3. கடையில் பைக்கற்று கல்லுப்போல் உறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பைக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால் அது ஒரு முறை உருகி மீண்டும் உறைந்திருக்கக்கூடும்.

4. மின்சாரம் நின்றால், திறக்காத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிர் காக்கும். நிறைந்த உறைகுளிர்ப் பெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்கவில்லை.

5. சொசேஜைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சூடாக்காமல் கொடுக்க வேண்டாம். 2017, 2018ஆம் ஆண்டுகளில் தென்னாபிரிக்காவில் சொசேஜ் வகை இறைச்சியொன்றினால் பரவிய லிஸ்ரீரியா நோயில் 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். பச்சிளங் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

6. வாந்தி, வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கொடுங்கள். பார்வை இரண்டாகத் தெரிதல், இமை சரிதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை தோன்றினால் நாட்டு வைத்தியம் பார்த்துத் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பசித்தவனிடம் "எறி" என்று சொல்லலாமா?

ஒரு பைக்கற்று இறைச்சி ஒரு நாட் கூலியில் பெரும் பங்கு. அதை எறியச் சொல்வது எளிது; எறிவது கடினம். ஆகவே எறிய வேண்டிய நிலை வராதபடி பார்ப்பதே நமது கடமை. காலாவதியாகப் போகும் பொருளை முகாமுக்கு அனுப்புவது தர்மமாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத இடத்துக்கு உறைந்த இறைச்சி கொடுப்பதிலும் உயிர்க் கோழியோ கருவாடோ பருப்போ கொடுப்பது மேல். கெட்ட பொருள் விற்கப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் ஏழைக்கும் உரியது. இடம்பெயர்ந்தவன் என்பதற்காகக் கழிவை உண்ண வேண்டும் என்ற நியதி இல்லை.

நமது முன்னோருக்குக் குளிர்ப்பெட்டி இருக்கவில்லை. பங்கு இறைச்சி இருந்தது. பல குடும்பங்கள் கூடி ஓர் ஆட்டை வாங்கி, உரித்து, பனையோலையில் பங்கு பிரித்து, அன்றே சமைத்து உண்டன. எவர் வீட்டிலும் மறுநாளுக்கு மிச்சமில்லை, கெடுவதற்கும் ஒன்றுமில்லை. பாலைவனத்தில் அலைந்த மக்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. மறுநாளுக்கென்று பதுக்கிய மன்னா புழுத்தது என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. லேவியர் நூலும் பலி இறைச்சியை மூன்றாம் நாள் உண்ணலாகாது என்று விதிக்கிறது.

பெரிய பேணி கிடைத்தால் பக்கத்துக் கொட்டிலையும் கூப்பிட்டுத் திறவுங்கள். இன்று நாம் கொடுக்கும் பங்கு நாளை அவர்கள் பேணியிலிருந்து நமக்குத் திரும்பும். குளிர்ப்பெட்டி இல்லாத ஊரில் இறைச்சியைக் கெடாமற் காக்கும் வழி பகிர்ந்துண்பதே.